ஆடியில் எடுத்த வண்டி

பதினேழு வருடம் வண்டி ஓட்டியவனுக்குப் புதிதாக என்ன பழக வேண்டியிருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். நான் பதினேழு வருடம் ஓட்டியது ஒரே ஒரு 100 சி.சி. வண்டியை. அதை மட்டுமே ஓட்டத் தெரிந்தவன் நான் என்பது 18,880 ரூபாயும் முதுகில் ஒரு பிடிப்பும் செலவான பிறகுதான் உறைத்தது. கணக்கு எழுதுவது என் பிழைப்பு, அதனால் அந்தத் தொகையில் ஒரு ரூபாயும் கூட்டவோ குறைக்கவோ இல்லை. வீடு ராமநாதபுரத்தை ஒட்டிய பட்டணம்காத்தானில். வேலை மண்டபத்தில், ஒரு ஐஸ் கம்பெனியில். போக 37, வர 37 என்று தினமும் 74 கிலோமீட்டர் ஓட்டம். இந்தக் கடற்கரையில் பெரிய வண்டி எடுக்க நினைக்கிற யாராவது இதைப் படித்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டாவது தப்பித்துக்கொள்ளட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், ஐஸுக்கு ஆள் இருக்காது, எனக்குக் கணக்கும் இருக்காது. 2025-இல் அந்த இரண்டு மாதமும் கைபேசியில் பைக் வீடியோ பார்த்தே கழிந்தது. 350 சி.சி. வண்டி ஒன்றில் மனம் ஒட்டிக்கொண்டது. 43 வயதில் வருகிற ஆசைக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம். வீட்டில் சொல்லவே மூன்று வாரம் ஆனது. ஷோரூமில் ஆடித் தள்ளுபடி 4,000 ரூபாய் என்றார்கள், பழைய வண்டியை 16,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார்கள். “ஆடியில் யாராவது வண்டி எடுப்பார்களா தம்பி? ஆவணி பிறக்கட்டும்” என்றார் அம்மா. “அதனால்தான் தள்ளுபடி தருகிறார்கள் அம்மா” என்று பெரிய அறிவாளி மாதிரி பதில் சொல்லிவிட்டு ஆடி 5 அன்று வண்டியை எடுத்துவந்தேன். செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. இரண்டு மாதம் பொறுத்திருந்தால் பதினைந்தாயிரத்துக்கும் மேல் மிச்சமாகியிருக்கும். அதை யாரும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது என்பதால் 18,880-இல் சேர்க்கவில்லை. ஆனால் அம்மா அதைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார்.

வண்டி எடுக்கிற அன்று நான் செய்த முட்டாள்தனங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆன்ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன். வரி எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு, இன்சூரன்ஸ் எவ்வளவு, அவர்களாகச் சேர்த்தது எவ்வளவு என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே இரண்டு வரி காணாமல் போகும். இரண்டாவது, ‘லாங் போனால் நெஞ்சில் காற்று அடிக்காது சார்’ என்று ஷோரூம் பையன் சொன்ன ஒரு வார்த்தைக்கு மயங்கி, 2,800 ரூபாய்க்கு உயரமான கண்ணாடித் தடுப்பு ஒன்றை முன்னால் மாட்டிக்கொண்டேன். பிளாஸ்டிக்தான், எல்லோரும் கண்ணாடி என்பார்கள். பாம்பன் பாலத்தில் அது எனக்குப் பாய்மரமானது. சாவியோடு ஒரு பை நிறையக் காகிதம் தந்தார்கள். அதைப் பிரிக்காமல் பீரோவில் வைத்தேன். அந்தப் பைக்குப் பிறகு வருகிறேன்.

முதல் ஐந்து நாளும் வேலைக்குத்தான் ஓட்டினேன். என் பழைய வண்டி 110 கிலோ சொச்சம். இது 195 கிலோ. ஓடும்போது அந்த எடை தெரியாது, சொல்லப்போனால் சுகமாக இருக்கும். நாற்பதில் மூன்றாவது கியரில் போகும்போது அந்த நிதானமான துடிப்பு உள்ளங்கால் வழியாக ஏறிவரும். உச்சிப்புளி தாண்டிய நேர்ச்சாலையில் இரண்டு பக்கமும் பனைமரங்கள் பின்னால் போக, இத்தனை வருடம் எதற்காக அவ்வளவு அவசரமாக வேலைக்குப் போனோம் என்று தோன்றும். எடை தெரிவது நிற்கும்போதுதான். கம்பெனி வாசலில் லாரிக்கு வழிவிட்டு வண்டியைப் பின்னால் தள்ள வேண்டியிருந்தது. தரை கொஞ்சம் மேடு. இறங்கி நின்று தள்ளியும் நகரவில்லை. ஐஸ் உடைக்கிற பையன்கள் இருவர் வந்து தள்ளினார்கள், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சிரித்தார்கள். பெரிய வண்டியை நிறுத்துவதற்கு முன்பே எப்படி எடுக்கப்போகிறோம் என்று யோசித்து நிறுத்த வேண்டும். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றால், எடுக்கும்போது மொத்த எடையும் உங்களுடையது.

அதைவிடப் பெரிய சங்கதி கியர். என் பழைய வண்டியில் நாலு கியரும் ஒரே பக்கம், முன்னால் மிதிக்க மிதிக்க ஏறும், குதிகாலால் பின்னால் மிதித்தால் இறங்கும். புது வண்டியில் முன்னால் மிதித்தால் முதல் கியர் மட்டும்தான். மற்றதெல்லாம் குதிகாலால் மிதித்துத்தான் ஏற வேண்டும். அதாவது என் இடது கால் பதினேழு வருடம் கற்றதற்கு நேர்த் தலைகீழ். தெருவில் மெதுவாகப் போகும்போது மூளை ஞாபகப்படுத்தும், சரியாக வந்துவிடும். ‘இரண்டு நாளில் பழகிவிட்டது’ என்று நானே எல்லோரிடமும் சொன்னேன். அது மூளைக்குப் பழகியிருந்தது. பயம் வரும்போது கால் மூளையைக் கேட்பதில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

முதல் 500 கிலோமீட்டர் வரை வண்டியை விரட்டக் கூடாது, ஒரே வேகத்தில் பிடித்து நிறுத்தியும் ஓட்டக் கூடாது, முறுக்கலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, பாதிக்கு மேல் திருகக் கூடாது. ஷோரூமிலும் சொன்னார்கள், புத்தகத்திலும் போட்டிருக்கிறது. உள்ளே பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் ஒன்றோடொன்று தேய்ந்து பொருந்துகிற காலம் அது. தேய்ந்த உலோகத் துகள்கள் ஆயிலில் கலந்திருக்கும். முதல் சர்வீஸில் ஆயில் மாற்றுவது அதற்காகத்தான். புது டயரும் முதல் 100, 150 கிலோமீட்டருக்கு வழுக்கும். இதையெல்லாம் ஓரளவு கடைப்பிடித்தேன். ஆனால் புது வண்டிக்கு மட்டும்தான் பழக்கம் வேண்டும் என்றும், அதன் மேல் உட்கார்கிறவனுக்கு வேண்டியதில்லை என்றும் எப்படியோ மனதில் பதிந்திருந்தது.

ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க அம்மாவைப் புது வண்டியில் ராமேஸ்வரம் கூட்டிப்போகிறேன் என்றேன். மாட்டேன் என்று சித்தியோடு பஸ்ஸில் போய்விட்டார். அந்த ரோஷமும் சேர்ந்துதான் அடுத்து வந்த ஞாயிறு தனியாகக் கிளம்பினேன். தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனை வரை போய், கடலை ஒட்டி வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது திட்டம். கிலோமீட்டர் முள் 380-இல் இருந்தது. இட்லி சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி ஒன்பதரை. அதுவே தப்பு. ஆடியில் இங்கே கச்சான் காற்று விடிகாலையில் கொஞ்சம் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ஆறு மணிக்குப் பாலத்தைத் தாண்டியிருக்க வேண்டும். மண்டபத்தில் பதினொரு வருடம் வேலை பார்ப்பவனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நானே எத்தனையோ வெளியூர் டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் 195 கிலோ வண்டி கைக்கு வந்ததும், காற்று எல்லாம் சின்ன வண்டிக்காரர்களின் கவலை என்று ஆகிவிட்டது.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறந்தது, இரண்டேகால் கிலோமீட்டருக்கும் சற்று அதிகம், இரண்டு பக்கமும் கடல். பக்கத்திலேயே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் அன்று நின்றன. காற்று ஒரு அளவைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைக்கிற இடம் அது. ஞாயிறு என்பதால் வெளியூர் கார்களைப் பாலத்தின் மேலேயே நிறுத்தி ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்குள் புகுந்து இரண்டாம் மூன்றாம் கியரில் ஊர்ந்து, உச்சிக்குப் போனதும் வழி கிடைத்தது. முறுக்கினேன். ஐம்பது, ஐம்பத்தைந்து.

காற்று எனக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. ராமேஸ்வரத்தை நோக்கிப் போகும்போது நாம் கிழக்கே போகிறோம், கச்சான் தென்மேற்கிலிருந்து வரும். அந்தக் கண்ணாடித் தடுப்பில் அடித்து வண்டியை இடது பக்கக் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் என்னையறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு பஸ் வந்தது. பஸ் என் பக்கத்துக்கு வந்த நொடியில் அது காற்றை மறைத்துவிட்டது. தள்ளுகிற கை எடுபட்டதும் சாய்ந்து நின்றவன் என்ன ஆவானோ அதுதான் நடந்தது, வண்டி பஸ்ஸை நோக்கி ஒரு முழம் பாய்ந்தது. திருப்பினேன். பஸ் கடந்தது, காற்று மறுபடி ஓங்கி அறைந்தது, வண்டி சுவர்ப் பக்கம் போனது. எஞ்சின் வேறு மூன்றாம் கியரில் கத்திக்கொண்டிருந்தது. கியரை ஏற்றலாம் என்று கால் முன்னால் மிதித்தது. பழைய கால். நாலுக்குப் போக வேண்டிய வண்டி ஐம்பத்தைந்தில் இரண்டுக்கு இறங்கியது. சரியாகப் பாலத்து இணைப்பில் இருக்கிற இரும்புத் தகட்டின் மேல் பின் சக்கரம் கிரீச்சிட்டு ஒரு பக்கமாக இழுத்தது. கிளட்சைப் பிடித்தேனா, அது தானாக நிமிர்ந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பாம்பன் இறக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டம்ளரைப் பிடித்த கையில் டீ தளும்பியது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால் அதே பாலத்தில் திரும்ப வேண்டுமே என்கிற பயத்தில்தான் முன்னால் போனேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன், அன்றைக்கு அதற்குத் தைரியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

பிறகு கற்றுக்கொண்டதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பக்கக்காற்றில் கைகளை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பிடி இறுகினால் காற்று உங்கள் தோளைத் தள்ளுவது அப்படியே ஹேண்டில்பாருக்குப் போய்ச் சேரும். தொடை இரண்டாலும் டேங்கை இறுக்கி, தோளையும் முழங்கையையும் தளர்த்தி விட வேண்டும். வேகம் நாற்பதுக்குள். ஓரத்திலும் போகாமல் நடுக்கோட்டை ஒட்டியும் போகாமல், உங்கள் பாதியின் மத்தியில் போனால் இரண்டு பக்கமும் அசைய இடம் இருக்கும். எதிரே பெரிய வண்டி வந்தால் அது காற்றை மறைக்கும், உடனே திருப்பித் தரும் என்று எதிர்பார்த்து இருக்க வேண்டும். வரும்போது இன்னும் கவனம் வேண்டும். அப்போது காற்று இடப்பக்கத்திலிருந்து வரும், தள்ளுவது எதிர்வரும் வண்டிகளை நோக்கி.

ராமேஸ்வரத்தில் பெட்ரோல் போட்டேன், அதற்குப் பிறகு பங்க் கிடையாது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் சாலை. 2017-க்கு முன்பு ஜீப்பும் வேனும்தான் மணலில் குலுங்கிக்கொண்டு போகும். இப்போது தார்ச்சாலை, ஆனால் ஆடியில் அதன் மேல் மணல் வந்து படுத்துக்கொள்ளும். தெற்கே ஆண் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்க, வடக்கே பெண் கடல் குளம் மாதிரி கிடக்க, நடுவில் சாலையின் குறுக்கே மணல் பாம்பு பாம்பாக ஊர்ந்து போனது. மணல் படிந்த இடத்தில் முன் பிரேக்கைத் தொடாமல், ஹேண்டிலைத் திருப்பாமல், முறுக்கலை அப்படியே வைத்து நேராகக் கடக்க வேண்டும். இது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. அரிச்சல்முனையில் நிற்கவே விடவில்லை காற்று. ஹெல்மெட்டைக் கழற்றினால் முகத்தில் மணல் ஊசி மாதிரி குத்தியது. நினைத்த படம் கிடைக்காமல் திரும்பினேன். பழைய தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் புயலில் இடிந்த தேவாலயச் சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. சாலையிலிருந்து ஒரு பழைய ஜீப் தடம் பிரிந்து போனது. பார்க்கக் காய்ந்து, கெட்டியாக, தரை மாதிரியே இருந்தது.

இருபது அடி போனேன். மேலே பொருக்குத் தட்டிய மணல், கீழே ஈரச் சகதி. பின் சக்கரம் ‘புஸ்’ஸென்று இறங்கியது. அப்போது இறங்கி எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒரு ஆள் உதவியோடு வெளியே வந்திருக்கலாம், செலவு ஒரு டீயோடு முடிந்திருக்கும். நான் முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பாதி பிடித்துப் பாதி விட்டு முறுக்கினேன். சக்கரம் மணலை வாரி என் முதுகுக்குப் பின்னால் இறைத்தது. மறுபடி முறுக்கினேன். மறுபடியும். ஐந்து நிமிடமாவது இருக்கும். ரப்பர் கருகுகிற மாதிரி, பழைய காகிதம் எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வந்தது. அந்த நாற்றத்தின் விலை 7,400 ரூபாய் என்று அப்போது தெரியாது. சக்கரத்தின் நடு அச்சு வரை புதைந்தது. சைடு ஸ்டாண்டைப் போட்டு இறங்கினேன். ஸ்டாண்டின் நுனி மெல்ல, மிக மெல்ல மணலுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடித்தேன், 195 கிலோவை. முதுகில் ஏதோ சுளுக்கென்றது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து படுத்தது. கண்ணாடித் தடுப்பு பாதியாக உடைந்தது, கிளட்ச் பிடி வளைந்தது, டேங்க் மூடியிலிருந்து பெட்ரோல் கசிந்து மணலில் ஒரு கருத்த வட்டம் விழுந்தது. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அழுகை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, யாருமில்லாததால் கொஞ்சம் அழுதேன்.

யாருமில்லை என்று நினைத்தேன். சங்கும் சோழியும் விற்கிற கடையிலிருந்து ஒரு பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிமிர்த்திவிட்டு மறுபடி கிளப்பலாம் என்று நான் சாவியைத் தொட்டதும், “திருகாதே தம்பி. திருகத் திருகக் குழிதான் ஆழமாகும்” என்றார். அவர் செய்த வேலை எனக்கு எந்த வீடியோவிலும் கிடைத்திராதது. முதலில் வண்டியை நிமிர்த்தச் சொன்னார். பிறகு வேண்டுமென்றே மறுபக்கம் படுக்க வைக்கச் சொன்னார். “ஐயா, புது வண்டி” என்றேன். “அதுதான் தெரிகிறதே” என்றார். படுத்ததும் பின் சக்கரம் குழியை விட்டு வெளியே வந்து நின்றது. காலாலேயே மணலைத் தள்ளிக் குழியை மூடி, மேலே உடைந்த படகுப் பலகை ஒன்றைப் போட்டார்கள். பின் டயரில் பாதிக் காற்றை இறக்கினார்கள், காற்று குறைந்தால் டயர் அகன்று மணலில் மிதக்கும். தூக்கும்போது பெரியவர் என்னை வண்டிக்கு முதுகு காட்டி நிற்க வைத்தார். சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின் கம்பியில் பிடித்து, முதுகை வளைக்காமல் கால்களால் எழுந்து பின்னோக்கி நடக்க வேண்டும். சுளுக்கிய முதுகோடும் என்னால் முடிந்தது. சாலைக்கு வந்ததும் ஸ்டாண்டுக்கு அடியில் அந்தப் பலகையில் ஒரு துண்டை வைத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார்கள். கடையில் பேத்தி நின்றாள், அவள் கையில் 500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

எஞ்சின் கிளம்பியது. கியர் விழுந்தது. முறுக்கினால் சத்தம் மட்டும் வந்தது, வண்டி நகரவில்லை. கிளட்ச் பிளேட் தீய்ந்துவிட்டது. சிக்னல் வந்து வந்து போனது. ஒரு வழியாக ராமேஸ்வரத்தில் தெரிந்த மீன் வியாபாரி மூலமாக ஒரு குட்டி யானை பிடித்தேன். ராமநாதபுரம் வரை 4,500 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை விலை. மாலையானால் அங்கே இருக்க விடமாட்டார்கள் என்பதால் பேரம் பேசுகிற நிலையிலும் நான் இல்லை. சரக்கு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே பாலத்தைத் தாண்டும்போது அவர், “இந்தக் காற்றில் யார் சார் பைக்கில் வருவார்கள்?” என்று கேட்டார். நான் மண்டபத்தில் வேலை பார்ப்பதை அவரிடம் சொல்லவில்லை.

இனி அந்தக் காகிதப் பை. சர்வீஸ் சென்டரில் கேட்டபோதுதான் தெரிந்தது, வண்டியோடு ஒரு வருடத்துக்குச் சாலை உதவித் திட்டமும் இருந்தது, ஒரு போன் செய்திருந்தால் அவர்களே வண்டியை ஏற்றி வந்திருப்பார்கள். எண் அந்தப் பையில், பை பீரோவில். 4,500 ரூபாய் அப்படிப் போனது. கிளட்ச் தேய்மானப் பொருள், தவறான உபயோகம், எனவே வாரண்டி கிடையாது என்றார்கள். நியாயம்தான், சண்டை போட எனக்கு வாய் இல்லை. இன்சூரன்ஸிலும் தேய்மானத்துக்கு இடமில்லை. விழுந்ததில் சேதமான கிளட்ச் பிடிக்கும் பக்கக் கண்ணாடிக்கும் 1,650 ரூபாய், இதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் ஒரு வருடம் கோராமல் இருந்தால் அடுத்த வருடம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 சதவீதம் கழிவு. பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்குப் பாதிதான் தருவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்துக் கையிலிருந்தே கட்டினேன். பில் சின்னதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு மனு எழுதுங்கள். பிளேட் வர தாமதம். 19 வேலை நாள் பஸ்ஸில் போனேன், 1,330 ரூபாய். முதுகுக்கு டாக்டர், ஊசி, மாத்திரை 700. அவ்வளவுதான், உடைந்த கண்ணாடித் தடுப்பையும் சேர்த்தால் தொகை சரியாக வரும்.

வண்டி திரும்பி வந்தபோது செயின் முழுக்கச் செம்மண் பூசிய மாதிரி துரு. தனுஷ்கோடி மணலோடு அப்படியே மூன்று வாரத்துக்கு மேல் நின்றிருக்கிறது, கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஸ்போக்ஸ் கம்பிகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சரி, கழுவுவோம் என்று வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். நம் ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் புதிதாகப் பூத்தது. கடலோரம் போய்வந்தால் அன்றைக்கே கழுவ வேண்டும், கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். இப்போது ஒரு குடம் காவிரித் தண்ணீரைத் தனியாக எடுத்துவைத்து ஊற்றுகிறேன். “குடிக்கிற தண்ணீரில் வண்டி கழுவுகிறான்” என்று அம்மா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். செயினைத் துணியால் துடைத்து, காய்ந்ததும் செயின் ஸ்பிரே அடிப்பேன். ஈரத்தோடு அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டிய மாதிரி. பழைய வண்டியில் செயினுக்கு மூடி இருந்தது, பதினேழு வருடத்தில் நான் செயினைப் பார்த்ததே பத்துத் தடவை இருக்காது.

காலைப் பழக்குவதற்கு ஒரு வழி செய்தேன். டேங்கின் மேல் மருத்துவப் பிளாஸ்திரி ஒட்டி, ‘முன்னே குறை, பின்னே கூட்டு’ என்று பேனாவால் எழுதினேன். விடிகாலை ஐந்தரைக்கு ஊருக்கு வெளியே காலி மனையில் போய், ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று. பத்து நாள். அடுத்தது பிரேக். முப்பதில் போய் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துவது, பிறகு நாற்பதில். ஏ.பி.எஸ்., அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு, வேலை செய்யும்போது பிரேக் பிடி விரலுக்கடியில் படபடவென்று துடிக்கும். முதல் தடவை ஏதோ உடைந்துவிட்டது என்று விட்டுவிட்டேன். விடக் கூடாது, பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் சாலையில் ஒரு ஆடு குறுக்கே வரும்போது முதல் முறையாகத் தெரிந்துகொள்வதைவிட காலி மனையில் தெரிந்துகொள்வது நல்லது. அதற்குப் பிறகு குறுகிய இடத்தில் வளைத்துத் திருப்புவது. அதில் இரண்டு தடவை வண்டியைக் கீழே போட்டேன். பார்க்க ஒரு நாய் மட்டும் இருந்தது.

கார்த்திகை மழைக்கு நடுவே வெயிலடித்த ஒரு காலையில்தான் முதல் தடவையாக வண்டியை ரசித்து ஓட்டினேன். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் விலக்கு, அப்படியே சாயல்குடி தாண்டி மூக்கையூர் வரை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டத்துப் புகை சாலைக்குத் தாழ்வாக வந்து போகும். உப்பளத்துப் பாத்திகளில் வானம் கிடக்கும். ஐம்பதில், நாலாவது கியரில், காலும் கையும் தம்பாட்டுக்கு வேலை செய்ய, நான் வண்டியை மறந்திருந்தேன். பிளாஸ்திரி மழையில் எப்போதோ உரிந்து போயிருந்ததை மூக்கையூரில் நிறுத்தியபோதுதான் கவனித்தேன். மெயின் சாலையை விட்டு இறங்கினால் சீமைக்கருவேல முள் இருக்கும். ஸ்போக்ஸ் சக்கரத்துக்குள் டியூப், முள் ஏறினால் நின்ற இடத்திலேயே காற்று போகும். இவ்வளவு பெரிய சக்கரத்தைக் கழற்ற சின்ன பஞ்சர் கடைக்காரர்கள் தயங்குவார்கள், அதனால் ஒரு டியூபும் கையளவு காற்றடிப்பானும் எப்போதும் பெட்டியில் இருக்கும். மாசி பங்குனியில் கிராமத்துச் சாலைகளில் குண்டு மிளகாய் காயப் போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏற்றினால் வழுக்கும், திட்டும் கிடைக்கும், இரண்டும் நியாயமானவை. பெட்டியில் இன்னொன்றும் இருக்கிறது. தனுஷ்கோடியில் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்த படகுப் பலகைத் துண்டு, ஒரு ஓரத்தில் நீலப் பெயிண்டோடு. குட்டி யானையில் வண்டியோடு அதுவும் ஏறி வந்துவிட்டது. மணல், ஈரத் தரை, வெயிலில் இளகிய தார் எங்கே நிறுத்தினாலும் அதை எடுத்துப் போடுகிறேன்.

முள் இப்போது 7,000-ஐத் தாண்டிவிட்டது. உடைந்த கண்ணாடித் தடுப்புக்குப் பதில் வேறு மாட்டவில்லை. அந்த ஞாயிறுக்குப் பிறகு பாம்பன் பாலத்தை வண்டியில் ஆறு தடவை தாண்டியிருக்கிறேன், எல்லாம் காலை ஏழு மணிக்கு முன்பு, எல்லாம் தை முதல் பங்குனிக்குள். வரும் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போக வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டார். “உன் வண்டியிலேயே வருகிறேன், எனக்கொன்றும் பயமில்லை” என்கிறார். பஸ்ஸில்தான் போகிறோம்.